குச்சி இறங்காத வீடு

எங்கள் வீட்டில் குளிக்கப் போகிறவர்கள் பாடிக்கொண்டேதான் குளிக்க வேண்டும். வேண்டுதல் ஒன்றும் இல்லை. குளியலறைக் கதவு சாத்தாது, அவ்வளவுதான். பாட்டுக் கேட்டால் உள்ளே ஆள் இருக்கிறது, கேட்காவிட்டால் யாரும் இல்லை. முப்பது வருஷமாக இதுதான் எங்கள் தாழ்ப்பாள்.

கோவில்பட்டிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் வீடு ஊருக்குக் கிழக்கே கரிசல் மண்ணில் நிற்கிறது. நிற்கிறது என்று சொல்வதும் ஒரு மரியாதைக்குத்தான். கரிசல் மண் வெயிலில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் ஊதும். மேலே இருக்கிற வீடும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும். பங்குனி, சித்திரையில் சுவரெல்லாம் வாயைப் பிளக்கும். ஐப்பசியில் நாலு மழை விழுந்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி மூடிக்கொள்ளும். கதவுநிலை பருவத்துக்கு ஒரு பக்கம் சாயும். எங்கள் குளியலறைக் கதவில் நாலு உயரத்தில் நாலு தாழ்ப்பாள் இருக்கிறது. ஒவ்வொன்றையும் ஆசாரி வந்து, "இனி அசையாதுக்கா" என்று சத்தியம் பண்ணி அடித்துவிட்டுப் போனார். சவம், அடுத்த வெயிலுக்குக் கதவு ஐந்தாவது இடத்துக்குப் போயிருக்கும்.

எனக்குக் குரல் கிடையாது. நான் தையல்காரி. மெஷின் ஓடுகிற சத்தம்தான் எனக்குத் தெரிந்த சங்கீதம். ஆனாலும் கண்ணில் சோப்பு எரிந்தால்கூடப் பாட்டை நிறுத்த முடியாது. மருமகன் முதல் தீபாவளிக்கு வந்தபோது பாடக் கூச்சப்பட்டு, பதினாறாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே குளித்தார். தெருவே நின்று கேட்டது. இதெல்லாம் சிரிப்புத்தான். எங்க அம்மா செத்து, காரியம் முடிந்து வந்து தலைக்கு ஊற்றினேனே, அன்றைக்கும் பாடினேன். பந்தலில் ஆள் நிறைந்திருந்தது, வேறு வழியில்லை. நின்று அழுவதற்கு ஒரு கதவு இல்லாத வீடு என்று அன்றைக்கு என் வயிறு எரிந்தது. எனக்குச் சாத்துகிற கதவு உள்ள ஒரு வீடு வேண்டும் என்று அன்றுதான் முடிவு செய்தேன்.

வீட்டை மாற்றுவது என்றால் முதலில் என் வீட்டுக்காரரைத் தாண்ட வேண்டும். உளுந்தும் பருத்தியும் போடுகிற மனுஷன். ஆனால் சுற்று வட்டாரத்தில் அவருக்குப் பெயர் விவசாயத்தில் இல்லை, விரிசலில். சட்டைப் பையில் எப்போதும் ஒரு தீப்பெட்டி இருக்கும். பீடி கிடையாது, சிகரெட் கிடையாது. தீப்பெட்டி விரிசல் அளக்க. தீப்பெட்டி ஊரில் பிறந்தவர் வேறு எதை வைத்து அளப்பார்? குச்சியின் மருந்து இல்லாத முனையை விரிசலில் விட்டுப் பார்ப்பார். ஒரு குச்சி இறங்கினால் பயமில்லை, பூசிக்கொள்ளலாம். ரெண்டு குச்சி சேர்ந்து இறங்கினால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். பெட்டியே இறங்கினால் செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பிப் பாராமல் வந்துவிட வேண்டும்.

எங்கள் அடுப்படியில் இருப்பது பெட்டி இறங்குகிற விரிசல். அதில் நான் ஒரு சித்திரையில் ரசக் கரண்டியைச் செருகி வைத்தேன். ஐப்பசியில் சுவர் அதைக் கவ்விக்கொண்டது. மாசியில்தான் திரும்பக் கொடுத்தது. இதைச் சொல்லிக் கேட்டால், "அது எங்கய்யா கட்டுனது. நான் வெல கொடுத்தா வாங்குனேன்?" என்பார்.

யார் வீடு வாங்கினாலும் இவரைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். இவரும் போன இடமெல்லாம் குறை கண்டுபிடிக்காமல் திரும்பியதில்லை. காப்பி கொடுத்து உபசரித்த வீட்டிலேயே டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் குச்சியை எடுப்பார். என் தம்பி மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண் வந்து கும்பிட்டு நிற்கிறது. என்ன சொல்லுதீங்க என்று எல்லாரும் இவர் முகத்தைப் பார்க்கிறார்கள். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டே, "பொண்ணு நல்லாருக்கு. வடக்குச் செவருதான் சரியில்ல" என்றார். நான் கிள்ளிய கிள்ளு ஒரு வாரம் அவர் தொடையில் இருந்தது.

இப்படிப்பட்ட ஆளிடம்தான், போன வருஷம், ஒரு பழைய வீடு விலைக்கு வருகிறது என்று பேச்சை எடுத்தேன். தூத்துக்குடிக்கு வடக்கே ஒரு கடற்கரை ஊர். எனக்குப் பல வருஷமாக நூலும் லைனிங் துணியும் கொடுக்கிற கடைக்காரப் பாயின் பூர்வீக வீடு. பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில், வீடு பூட்டிக் கிடக்கிறது. எங்கள் மகளும் தூத்துக்குடியில் இருக்கிறாள். அங்கே எல்லாம் மணல்தரை, சுருங்கவும் செய்யாது, ஊதவும் செய்யாது. கதவு வைத்த இடத்தில் இருக்கும் என்று பாய் ஒரு வார்த்தை சொன்னார். எனக்கு அது போதும்.

பாய் இன்னொன்றும் சொன்னார். "தங்கச்சி, வீட்ட அடமழைக் காலத்துல வந்து பாருங்க. கார்த்திகையில. அப்பதான் வீட்டோட நெசம் தெரியும்."

வந்து இதை இவரிடம் சொன்னேனோ இல்லையோ, இடுப்பில் கை வைத்துச் சிரித்தார்.

"மழையிலயா? ஏட்டி, யாரு காதுல பூ சுத்துதாரு ஒங்க பாய்? மழையில எந்த வீட்டுலட்டி விரிசல் தெரியும்? வெள்ளையடிச்சு வீடு விக்குதவன் எல்லாம் கார்த்திகையிலதான் கூப்பிடுவான். கரிசக்காட்டுக்காரன்கிட்டயே மழையில வீடு காட்டப் பாக்குதாரு. சித்திரையில போறோம். உச்சி வெயில்ல போறோம்."

எங்கள் பக்கத்து வழக்கம் அதுதான். வீட்டைச் சித்திரையில் பார், மண் எவ்வளவு பிளக்குமோ அவ்வளவு பிளந்திருக்கும், ஒளிப்பதற்கு ஒன்றும் இருக்காது. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பாய் நல்ல மனுஷனாச்சே, இப்படி ஏமாற்றப் பார்க்கிறாரே என்று எனக்கும் உள்ளூரக் கொஞ்சம் வருத்தம். நல்லது சொன்ன மனிதரைப் புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து கள்ளனாக்கினோம்.

சித்திரையில் போனோம். பாய்க்குக் கடையை விட்டு வர முடியவில்லை, சாவியைக் கொடுத்துவிட்டார். எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி பஸ், அப்புறம் ஒரு ஆட்டோ. எட்டயபுரம் தாண்டி நெடுநேரம் வரைக்கும் சன்னலுக்கு வெளியே வெடித்துக் கிடக்கும் கரிசலைப் பார்த்து இவர், "இங்கன பெட்டி எறங்கும், அங்கன ரெண்டு பெட்டி எறங்கும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து முன்னால் போய்விட்டார்.

வீடு கடலிலிருந்து ரெண்டு தெரு தள்ளி இருந்தது. கான்கிரீட் போட்ட வீடு, எங்கள் கல்யாணத்துக்கும் முந்திக் கட்டியது. கதவைத் திறந்ததும் இவர் தீப்பெட்டியை எடுத்தார். முன்னறை, பின்னறை, அடுப்படி என்று சுவர் சுவராகக் கண்ணை ஒட்டவைத்துக்கொண்டு நடந்தார். மூலைகளில் குனிந்தார். நிலைக்கு மேலே எட்டிப் பார்த்தார். குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு விடுவதற்கு இடம் இல்லாமல் ஒரு மனுஷன் தவித்ததை அன்றுதான் பார்த்தேன். கரிசக்காட்டுக்காரர்கள் வீடு பார்ப்பது என்றால் சுவர் பார்ப்பதுதான். நானும் சுவரையே பார்த்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், ரெண்டு பேரில் ஒருத்தராவது தலையைத் தூக்கி மேலே பார்க்கவில்லை.

எனக்கு எங்கே போக வேண்டும் என்று தெரியும். நேரே குளியலறைக்குப் போனேன். ஒரு விரலால் தள்ளினேன். கதவு வந்து நிலையில் உட்கார்ந்தது. தாழ்ப்பாளைத் தள்ளினேன், அது போக வேண்டிய துளைக்குள் போனது. திறந்தேன், மறுபடி சாத்தினேன். மூன்றாவது தடவை சாத்தியபோது திறக்க மனசு வரவில்லை. தண்ணீர் இல்லை, வாளி இல்லை, ஒரு சிலந்திதான் துணைக்கு இருந்தது. சும்மா நின்றேன். பிறகு, உண்மையைச் சொல்வதற்கு என்ன வெட்கம், அழுதேன். சந்தோஷமா, அம்மா நினைப்பா, ரெண்டும்தானா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. யாரும் கதவைத் தள்ளவில்லை.

வெளியே வந்தபோது இவர் குளியலறைக்கு முன்னால் தரையில் குந்தி உட்கார்ந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன செய்யுதீங்க?"

"குச்சி கீழ விழுந்துட்டு."

சட்டைத் தோளில் வெள்ளையும் பழுப்புமாகத் தூசி இருந்தது. தட்டிவிடப் போனேன். "சுண்ணாம்பு" என்று தோளை இழுத்துக்கொண்டார். தீப்பெட்டியைப் பையில் போட்டார்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"குச்சி எறங்கல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? குச்சி எறங்கலங்கேன்லா. வாங்கிருவோம்."

திரும்பி வருகிற பஸ்ஸில் மனுஷன் வாயே திறக்கவில்லை. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காத வருத்தம் போல என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. மனசுக்குள் திரைச்சீலைக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. லைனிங் துணி எடுக்கப் போனபோது பாய் கேட்டார், "அண்ணாச்சிக்கு வீடு புடிச்சுதா?"

"புடிச்சிட்டு பாய். ஒரு குச்சிகூட எறங்கல."

பாய் துணியைக் கிழிக்காமல் நிறுத்தினார். "செவரு சரிதான். மேல பாத்தாகளா?"

"மேல என்ன இருக்கு?"

"கூர இருக்குல்லா தங்கச்சி."

மேற்கொண்டு அவர் பேசவில்லை, கூட்டம் வந்துவிட்டது. நான் வீட்டுக்கு வந்து மெஷினில் உட்கார்ந்தால் கால் ஓடுகிறது, மனசு ஓடவில்லை. அப்போதுதான் இன்னொரு விஷயமும் உறைத்தது. இவர் குறை சொல்லவில்லை! சம்பந்தம் பேசப் போன வீட்டையே குறை சொன்ன மனுஷன், கட்டிக்கொண்டு வந்த என்னையும் என் சமையலையும் முப்பது வருஷமாகக் குறை சொல்லிக்கொண்டிருக்கிற மனுஷன், ஒரு பழைய வீட்டுக்குப் போய் 'வாங்கிருவோம்' என்று மூன்றே விநாடியில் சொல்கிறார். வயசாகிவிட்டது, கண் போய்விட்டது, அதை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார் என்று முடிவு கட்டினேன்.

எஞ்சினியரை வைத்துப் பார்ப்போமா என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். தேள் கொட்டியது போலத் துள்ளினார். "எஞ்சினியரா? எனக்கு மேலயா? ஊருல தெரிஞ்சா சிரிப்பாணி சிரிப்பான்." அதோடு விட்டுவிட்டேன். அவரிடம் கேட்பதைத்தான் விட்டேன், எஞ்சினியரை விடவில்லை.

என்னிடம் சுடிதார் தைக்க வருகிற ஒரு பிள்ளை தூத்துக்குடியில் கட்டட எஞ்சினியராக இருக்கிறாள். அவள் முதல் வேலைக்கு நேர்முகத் தேர்வு போனது நான் தைத்த சட்டையில்தான். அவளைப் பிடித்தேன். இவரிடம், கழுகுமலைக்குப் போய் முருகனைக் கும்பிட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். "திருநீறு கொண்டாட்டி" என்றார். அடுத்த தெரு அக்கா முந்தின வாரம்தான் கழுகுமலை போய் வந்திருந்தாள். அவளிடம் முதலிலேயே ஒரு பொட்டலம் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டுதான் புறப்பட்டேன். முருகன் மன்னித்திருப்பார், அவருக்கே ரெண்டு வீடு.

பாயிடம் சாவி கேட்டபோது எஞ்சினியர் விஷயத்தைச் சொன்னேன். "நல்ல காரியம் தங்கச்சி" என்று உடனே எடுத்துக் கொடுத்தார். அந்தப் பிள்ளை முதலில் பத்திரத்தையும் நில வரைபடத்தையும் வைத்துக்கொண்டு நாலு எல்லையையும் நாடாவால் அளந்தாள். ஒரு சாண் கூடக் குறையவில்லை. சுவரைத் தட்டினாள், "செவரு தங்கம் அத்தை" என்றாள். எனக்குப் புருஷன்மேல் கொஞ்சம் பெருமைகூட வந்தது. அப்புறம் ஸ்டூலைப் போட்டு ஏறி, சின்னச் சுத்தியலால் கூரையைத் தட்ட ஆரம்பித்தாள்.

முதல் தட்டு ணங் என்றது. ரெண்டாவது ணங். மூன்றாவது பொத் என்றது. அப்புறம் போன இடமெல்லாம் பொத், பொத், பொத். குளியலறைக்கு முன்னால் ஒரு தட்டுத் தட்டினாள், தோசை அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்து என் காலடியில் விழுந்தது. மேலே துருப்பிடித்த கம்பி, செதில் செதிலாக உரிந்துகொண்டு, பல்லைக் காட்டியது.

"கடல் மண்ணக் கலந்து போட்டுருக்காக அத்தை. உப்பு உள்ளயே இருக்கு. கம்பி துருப்புடிச்சு ஊதி, காரையக் கீழ தள்ளுது. இந்த ரெண்டு ரூமும் அப்படியே எடுத்துட்டு மறுபடி போடணும். இப்ப வெயில்ல ஒண்ணும் தெரியாது. மழையில வந்து பாத்திருந்தா கூர பூராம் ஈரம் பூத்து நின்னுருக்கும்."

மழையில் வந்து பாருங்க என்று பாய் சொன்னது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. எங்கள் ஊர் வீடு வெயிலில் உண்மை பேசும், இந்த ஊர் வீடு மழையில் பேசும்போல. வெட்கமாகப் போய்விட்டது.

"இடிஞ்சு விழுந்துருமா?"

"ரெண்டு மழைக்குத் தாங்கும். மூணாவது மழைக்கு நான் உள்ள நிக்க மாட்டேன்."

"பாத்ரூம் கதவு?"

அவள் ஸ்டூலிலிருந்து இறங்கி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "கூர போச்சுங்கேன், கதவக் கேக்குதீங்களே அத்தை! கதவுக்கு என்ன, கல்லு மாதிரி நிக்கி."

மூன்றாம் நாள் படங்களோடு அறிக்கை வந்தது. மெஷின் மேசை இழுப்பறையில் பாவாடைத் துணிக்கு அடியில் ஒளித்து வைத்தேன். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை எடுத்துப் பார்ப்பேன். ஏன் பொய் சொல்ல வேண்டும், முதலில் வந்தது வருத்தம் இல்லை. குதூகலம். முப்பது வருஷமாக நான் எதைச் சொன்னாலும், "ஒனக்கென்னட்டி தெரியும், குச்சி எறங்குதா பாரு" என்று வாயை அடைத்தவர். இப்போது கையும் களவுமாக மாட்டிக்கொண்டார். படத்தோடு, கையெழுத்தோடு. அதை எப்படிக் கொடுப்பது என்று விதவிதமாக யோசித்தேன். மகளையும் மருமகனையும் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொன்னேன். இலையைப் போட்டு, சோறு வைத்து, குழம்பு ஊற்றி, அப்பளத்துக்குப் பதிலாக அறிக்கையை வைப்பது என்று தீர்மானமாயிற்று. அவர் முகம் போகிற போக்கை நினைத்து நினைத்துத் தனியாகச் சிரித்தேன். ஒரு ரவிக்கைக்குக் கையை மாற்றித் தைத்துவிட்டேன்.

ராத்திரி படுத்தால்தான் மற்றது தெரிந்தது. அந்தக் காகிதத்தைக் காட்டினால் ஜெயிப்பது நான்தான், ஆனால் வீடு போய்விடும். குறை உள்ள வீட்டை வாங்க இவர் ஒருநாளும் சம்மதிக்க மாட்டார். காட்டாமல் விட்டால் கதவு கிடைக்கும், மூன்றாவது மழையில் கதவைத் தவிர எல்லாம் தலையில் விழும். புரண்டு புரண்டு படுத்தேன். கடைசியில் என் வாய்க்கொழுப்புதான் ஜெயித்தது. போனால் போகிறது வீடு, இந்த மனுஷன் மூக்கை ஒரு தடவை உடைத்துப் பார்த்துவிட வேண்டும் என்று ஆகிவிட்டது.

சனிக்கிழமை துவைக்கப் போட்டேன். ஆணியில் தொங்கிய வெள்ளைச் சட்டையை எடுத்தேன். அன்றைக்குக் கடற்கரை ஊருக்குப் போட்டுக்கொண்டு வந்தது, அதற்குப் பிறகு உடுத்தவில்லை. பையைத் தடவினால் தீப்பெட்டி. நனைந்துவிடுமே என்று எடுத்தேன். கை நின்றது. முப்பது வருஷமாக நான் துவைப்பதற்கு முன் எடுத்து வைக்கிற பெட்டி. குச்சி ஆடுகிற சத்தம் எனக்குத் தெரியாதா? இது கனத்தது. ஆட்டினால் கரகர என்றது.

திறந்தேன். ஒரு குச்சிகூட இல்லை. பழுப்பு நிறத்தில் இரும்புச் செதில், கூடவே சுண்ணாம்பு ஒட்டிய ரெண்டு துண்டுக் காரை. அன்றைக்குக் குந்தி உட்கார்ந்து பொறுக்கினது குச்சி இல்லை.

இவர் முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். போய் முன்னால் நின்று பெட்டியைத் திறந்து காட்டினேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி முறத்தைத் தட்டினார்.

"தெரியுமா ஒங்களுக்கு? அன்னைக்கே தெரியுமா?"

"என்னத்த?"

"என்னத்தயா? கூர போயிருக்குங்கது தெரிஞ்சுமா வாங்கிருவோம்னு சொன்னீங்க? உசுரோட வெளையாடுத காரியமா இது?"

"கத்தாதட்டி. குடியேறுததுக்கு முன்ன எடுத்துட்டுப் புதுசாப் போட்டுரலாம்னு இருந்தேன். மேல ஓடு பதிக்கணும்னு ஒங்கிட்ட எதாது சொல்லிக்கிட்டு."

"அதுக்குப் பணத்துக்கு எங்க போவீங்க?"

முறத்தைக் கீழே வைத்தார். "பசுவந்தனப் பக்கத்துக் காட்ட ஒருத்தன் கேட்டுக்கிட்டுத்தான இருக்கான்."

உளுந்தும் பருத்தியும் விளைகிற அந்தக் காட்டை மகள் கல்யாணத்துக்கே விற்கச் சம்மதிக்காத மனுஷன். என் வளையல்தான் போனது.

"எங்கிட்டச் சொன்னா என்ன?"

"சொன்னா நீ வேண்டாம்னுருவ. காட்ட விக்க விடமாட்ட. மறுபடியும் இங்கனயே கெடந்து பாடுவ." உளுந்தை ஒரு கை அள்ளி, பார்க்காமலே கீழே விட்டார். "நீ உள்ள போயி தாப்பா போட்டல்லா. மூணு தடவ போட்ட. அதுக்கு அப்புறம் சத்தமே இல்ல. நானும் வெளிய நிக்கேன், நிக்கேன், இந்தா பாடுவா இந்தா பாடுவான்னு. நீ பாடல. முப்பது வருசத்துல மொத தடவ நீ பாடாம உள்ள இருந்த. அப்பதான் தோள்ல இந்தச் சவம் விழுந்துச்சு. நீ வாரதுக்குள்ள பொறுக்கிட்டேன்."

ஊரில் ஒரு வீட்டையும் சும்மா விடாத மனுஷன். என் புருஷன் வாழ்க்கையில் மறைத்த ஒரே குறை அது. நான் உள்ளே போய் அறிக்கையை எடுத்து வந்து அவர் மடியில் போட்டேன். எழுத்துக் கூட்டிப் படித்தார். படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அப்ப கழுகுமல திருநீறு?"

"அடுத்த தெரு அக்கா கொடுத்தது."

"அடிப் பாவி. ரெண்டு வாரமாப் பூசிக்கிட்டுத் திரியுதேன்" என்றார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையும் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இலையில் அப்பளமே வைத்தேன். ரெண்டு வைத்தேன்.

திங்கட்கிழமை ரெண்டு பேரும் அறிக்கையோடு பாய் கடைக்குப் போனோம். இவர் போனதும் முதல் வார்த்தையாக, "பாய், ஒங்களத் தப்பா நெனச்சுட்டோம். மழையில கூப்பிட்டது கள்ளத்தனம்னு நெனச்சேன்" என்றார். என் காதால் கேட்டேன், இல்லாவிட்டால் நம்பியிருக்க மாட்டேன்.

பாய் சிரித்தார். "கூரய நீங்களே கண்ணால பாத்து வெலையக் கேக்கட்டும்னுதான் கூப்பிட்டேன் அண்ணாச்சி. நீங்க என்னன்னா சித்திரையில தீப்பெட்டியோட போயி நிக்குதீங்க." கூரை போடுகிற செலவைத் தானே விலையில் கழித்துக்கொண்டார். காடு பிழைத்தது. கூரையை அந்த எஞ்சினியர் பிள்ளையே கூட நின்று போட்டுக் கொடுத்தாள். கம்பி கட்டுகிறவர்களிடம் இவர் குச்சியை வைத்து இடைவெளி பார்த்து, அவளிடம் நன்றாகத் திட்டு வாங்கினார்.

தை மாதம் பால் காய்ச்சினோம். வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனேன். ஒரு விரலால் கதவைத் தள்ளினேன். தாழ்ப்பாள் போட்டேன். ஒரு சத்தம் இல்லாமல், ராணி மாதிரி, தலைக்கு ஊற்றினேன். ரெண்டு சொம்பு ஊற்றியிருப்பேன். வெளியே செருப்புச் சத்தம் வந்து நின்றது. போனது. மறுபடி வந்தது.

"ஏட்டி, உள்ளயா இருக்க?"

நான் பேசவில்லை.

"ஏட்டி! வழுக்கிக் கிழுக்கி விழுந்துட்டியா?" கதவில் தட்டு. முதலில் ஒரு விரல், அப்புறம் கை முழுக்க. "என்னட்டி சத்தத்தையே காணும்? ஒரு வரி பாடித் தொலையேன், எனக்குப் பக்குபக்குன்னு இருக்கு!"

கதவு அசையவே இல்லை. நான் இன்னொரு சொம்பு ஊற்றிக்கொண்டேன்.